வவுச்சர் எழுதுகிற கைக்கு ஃபயர்வால் வருமா?

கேள்வி: நான் பி.காம். ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் ஆறு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். டேலி தவிர கம்ப்யூட்டரில் பெரிதாக ஒன்றும் தெரியாது. கம்ப்டியா நடத்தும் செக்யூரிட்டி பிளஸ் என்கிற கம்ப்யூட்டர் பாதுகாப்புத் தேர்வை எழுதச் சொல்லி தம்பி நச்சரிக்கிறான். புத்தகத்தைத் திறந்தால் பக்கம் முழுக்கச் சுருக்கெழுத்துகள். எனக்கு இது சரிப்படுமா சார்?
– வாசகி, ஈரோடு

பதில்: சரிப்படும். கொஞ்சம் பொறாமையோடுதான் சொல்கிறேன், கம்ப்யூட்டர் படித்தவர்கள் கொட்டாவி விடுகிற பகுதி உங்களுக்குப் பாதி தெரிந்ததாக இருக்கும். இப்போது நடப்பது 2023 நவம்பரில் வந்த 701 பதிப்பு. அதில் ஐந்து பகுதிகள்: அன்றாடப் பாதுகாப்புப் பணிகள் 28 சதவீதம், தாக்குதல்களும் ஓட்டைகளும் 22, நிர்வாகம், தணிக்கை, அபாய மதிப்பீடு எல்லாம் சேர்ந்து 20, கட்டமைப்பு 18, அடிப்படைக் கருத்துகள் 12. அந்த 20-ஐத்தான் சொன்னேன். வவுச்சர் போட்டவரே அதை பாஸ் பண்ணக்கூடாது என்று உங்கள் ஆடிட்டர் கத்தியிருப்பார் இல்லையா, அதையே இங்கே பணிப்பிரிப்பு என்று ஒரு பாடமாக வைத்திருக்கிறார்கள்.

அபாயக் கணக்கும் அப்படித்தான். கடை சர்வரின் மதிப்பு 4 லட்சம், மழைநீர் புகுந்தால் கால்வாசி போகும் என்றால் ஒரு தடவைக்கு இழப்பு 1 லட்சம். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை நடக்கும் என்றால் வருடத்துக்கு 0.2, ஆக வருடாந்திர இழப்பு 20,000 ரூபாய். அதைத் தடுக்க வருடம் 35,000 செலவு செய்வாரா உங்கள் முதலாளி? மாட்டார். தேர்வில் எஸ்.எல்.இ. (ஒரு தடவை இழப்பு), ஏ.ஆர்.ஓ. (வருடத்துக்கு எத்தனை முறை), ஏ.எல்.இ. (வருடாந்திர இழப்பு) என்று மிரட்டுவது இதைத்தான்.

ஹாஷைக்கூட, அதாவது ஒரு கோப்பிலிருந்து கணக்கிட்டு எடுக்கிற சிறு அடையாளக் குறியீட்டைக்கூட, உங்கள் வழியிலேயே பிடித்துக்கொள்ளலாம். மொத்தத் தொகையை வைத்து தனித்தனி பில்களைத் திரும்ப எடுக்க முடியாது, ஆனால் ஒரு பில்லில் கை வைத்தால் மொத்தம் காட்டிக்கொடுத்துவிடும். (இரண்டு தப்பு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு டேலி ஆகிவிடுகிற கூத்து கணக்கில் உண்டு. நல்ல ஹாஷில் அப்படிப் பொருந்த வைப்பது நடைமுறையில் முடியாத காரியம்.)

உங்களுக்கு இடிக்கப்போவது நெட்வொர்க். நெட்வொர்க் பிளஸ் (அவர்களுடைய நெட்வொர்க் தேர்வு) அறிவும் இரண்டு வருட அனுபவமும் இருந்தால் நல்லது என்று கம்ப்டியா சொல்கிறது, கட்டாயம் இல்லை. ஆனாலும் முதல் ஒன்றரை மாதம் செக்யூரிட்டியைத் தொடாமல் ஐ.பி. முகவரி, டி.என்.எஸ்., ரவுட்டர், ஸ்விட்ச் என்று மட்டும் படியுங்கள். வீடியோ வேண்டுமென்றால் புரொஃபசர் மெஸ்ஸர் யூடியூபில் முழுப் பாடத்தையும் இலவசமாகவே வைத்திருக்கிறார், ஆயிரக்கணக்கில் பணம் கட்டிச் சேர்வதற்கு முன் அதைப் பாருங்கள். வேலைக்குப் போய்க்கொண்டே தினம் ஒன்றரை மணி நேரம் என்றால் மொத்தம் ஐந்து மாதம் பிடிக்கும் என்பது என் கணிப்பு.

சுருக்கெழுத்துக்கு விரிவாக்கம் எழுதி ஒப்பிப்பதால் பெரிய பலன் இல்லை, ஏனென்றால் இந்தத் தேர்வு கேட்கிற விதம் வேறு. ஒரு ஊழியரின் கம்ப்யூட்டரில் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீநிரல்), கோப்புகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு வருகின்றன, முதலில் என்ன செய்வீர்கள் என்பார்கள். பேக்கப்பிலிருந்து மீட்பது, ஆன்டிவைரஸ் ஓட்டுவது, எல்லோருக்கும் மெயில் அனுப்புவது, அந்தக் கம்ப்யூட்டரை நெட்வொர்க்கிலிருந்து பிரிப்பது. நான்குமே எப்போதாவது செய்ய வேண்டியவைதான், ஆனால் கேள்வி 'முதலில்' என்று கேட்கிறது. பரவலை நிறுத்தாமல் மீட்டால் மீட்டதும் போய்விடும், அதனால் பிரிப்பதுதான் விடை. மாதிரிக் கேள்வி போடும்போது உங்கள் விடை ஏன் சரி என்பதோடு மற்ற மூன்றும் ஏன் இல்லை என்று நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். பத்துக் கேள்விக்கு ஒரு மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

கேள்வி: 90 கேள்வி, 90 நிமிடம் என்கிறார்கள். நேரம் போதுமா? பாஸ் மார்க் 750 என்றால் 83 சதவீதமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: அதிகபட்சம் 90, சிலருக்குக் குறைவாகவும் வரும். 750-ஐ 900-ஆல் வகுக்காதீர்கள், அது 100-இல் தொடங்கி 900-இல் முடிகிற ஒரு தனி அளவுகோல், எத்தனை கேள்வி சரியாக இருந்தால் 750 என்று அவர்கள் வெளியிடுவதில்லை. நேரத்தைத் தின்பது செய்துகாட்டும் கேள்விகள், அதாவது ஃபயர்வால் (நெட்வொர்க்கில் எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று பார்க்கும் காவல்) விதிகளை நிரப்பு, லாக்கை (கம்ப்யூட்டர் தானே எழுதிவைக்கும் நடவடிக்கைப் பதிவை) பார்த்து எந்தக் கம்ப்யூட்டரில் தொற்று தொடங்கியது என்று சொல் என்கிற வகை. பெரும்பாலும் ஆரம்பத்திலேயே வந்து நிற்கும். நான் எழுதியபோது வீறாப்பாக அதிலேயே உட்கார்ந்து, மூன்றை முடித்து நிமிர்ந்தால் அரை மணி நேரம் காலி, மிச்சத்தை மூச்சிரைக்க ஓடி முடித்தேன். நீங்கள் அதற்கு ஒரு குறி போட்டுவிட்டுத் தாண்டிப் போங்கள், கடைசியில் திரும்பி வரலாம். எதையும் காலியாக மட்டும் விடாதீர்கள்.

கேள்வி: டெலிகிராமில் 'ஒரிஜினல் கேள்விகள்' 1,500 ரூபாய்க்குத் தருகிறார்கள். நண்பர்கள் வாங்கிவிட்டார்கள். வாங்கலாமா?
– பெயர் வேண்டாம், கோவை

பதில்: வேண்டாம். தேர்வுக்கு முன் நீங்கள் ஒப்புக்கொள்கிற விதிகளிலேயே இது தடை, கண்டுபிடித்தால் சான்றிதழை ரத்து செய்யலாம். அப்புறம் அந்த விடைகளில் பாதி தப்பு, நானே பார்த்திருக்கிறேன். நேர்முகத் தேர்வில் லாக் ஒன்றைத் திறந்து வைத்து 'இதில் என்ன தெரிகிறது' என்று கேட்டால் உங்கள் நண்பர்கள் என்ன செய்வார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள்.

கேள்வி: பயிற்சிக்காகப் பக்கத்து வீட்டு வைஃபையை உடைத்துப் பார்ப்பது தப்பா? எதையும் எடுக்க மாட்டேன்.
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: தப்புதான் தம்பி. அனுமதி இல்லாமல் நுழைவதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவில் வருகிறது, கெட்ட எண்ணத்தோடு செய்ததாகக் கருதினால் 66-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். 'சும்மா பார்த்தேன்' என்பதை ஸ்டேஷனில் உட்கார்ந்து நிரூபிக்க வேண்டுமா? வெர்ச்சுவல்பாக்ஸ் என்கிற மென்பொருள் இலவசம், அதை வைத்து உன் லேப்டாப்பிலேயே இரண்டு மெய்நிகர் கம்ப்யூட்டர்களை உருவாக்கி ஒன்றிலிருந்து இன்னொன்றைத் தாக்கு. வெளியே ஒரு சர்வர் வேண்டும் என்றால் என்மேப் (நெட்வொர்க்கை ஸ்கேன் செய்யும் மென்பொருள்) குழுவினரே, தாக்குவதற்கு அல்ல, ஸ்கேன் செய்து பழகுவதற்காக 'ஸ்கேன்மீ' என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். நாளுக்கு ஓரிரு முறையோடு நிறுத்திக்கொள்.

கேள்வி: இதை முடித்தால் வேலை நிச்சயமா?
– வாசகர், சேலம்

பதில்: இல்லை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் கணினிப் பணிகள் பலவற்றுக்கு இதை ஏற்கிறது, அங்கே இதற்கு இவ்வளவு மவுசு இருக்க அது ஒரு பெரிய காரணம். இங்கே அந்தக் காரணம் இல்லை, பயோடேட்டாவை ஒரு முறை திரும்பிப் பார்க்க வைக்கும், அவ்வளவுதான். ஹெல்ப்டெஸ்க் வேலை கிடைத்தால் மட்டமாக நினைக்காமல் போய்ச் சேருங்கள். சான்றிதழின் ஆயுள் மூன்று வருடம், புதுப்பிக்க 50 தொடர்கல்விப் புள்ளிகள் வேண்டும், அதற்குக் கட்டணம் தனி, அதையும் இப்போதே கணக்கில் எழுதி வையுங்கள்.