ஆட்டோகேடில் கோடு மறைகிறது, கார்டு போச்சா?

கேள்வி: வீட்டு பிளான் வரைந்து கொடுக்கிற வேலை எனக்கு. கொஞ்ச நாளாக ஆட்டோகேடில் ஜூம் செய்தால் கோடுகள் மறைந்து மறைந்து வருகின்றன, கர்சர் போன இடமெல்லாம் கறுப்புக் கட்டங்கள். எக்செல், யூடியூப் எல்லாம் நன்றாக ஓடுகின்றன. லேப்டாப்பில் இன்டெல், என்விடியா என இரண்டு கிராஃபிக்ஸ் சிப்பும் உண்டு. சர்வீஸ் கடையில் 'கிராஃபிக்ஸ் கார்டு போச்சு, போர்டோடு மாற்றணும்' என்கிறார்கள். மாற்றிவிடலாமா?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: கொஞ்சம் பொறுங்கள், அதற்குள் காசை எடுத்து நீட்டிவிடாதீர்கள். கடைக்காரர் ஆட்டோகேடைத் திறந்து பார்த்தாரா என்று முதலில் கேளுங்கள், பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்.

இந்த மாதிரி லேப்டாப்பில் சாதாரண வேலையெல்லாம் இன்டெல் தலையில்தான். கனமான சாஃப்ட்வேர் வந்தால்தான் என்விடியா எழுந்து வரும். எது எதை ஓட்டுவது என்பதை விண்டோஸும் டிரைவரும் (சிப்பை விண்டோஸோடு பேசவைக்கும் சாஃப்ட்வேர்) முடிவு செய்கின்றன, அங்கேதான் அடிக்கடி சொதப்பும். டாஸ்க் மேனேஜரில் 'ஜிபியு இன்ஜின்' (ஜிபியு என்றால் கிராஃபிக்ஸ் சிப்) என்கிற நெடுவரிசையைப் பாருங்கள், ஆட்டோகேடுக்கு நேராக ஜிபியு 0 என்றோ 1 என்றோ இருக்கும். எந்த எண் யாருடையது என்று பக்கத்துப் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் தெரியும்.

அப்புறம் ஆட்டோகேட் கமாண்ட் லைனில் கிராஃபிக்ஸ்கான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் சேர்த்து அடித்து, ஹார்ட்வேர் ஆக்ஸிலரேஷனை (வரையும் வேலையைக் கிராஃபிக்ஸ் சிப்பிடம் விடும் வசதி) நிறுத்துங்கள். கோடுகள் ஒழுங்காக வந்தால் சந்தேகம் டிரைவர் பக்கம் திரும்புகிறது. அடுத்து செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் என்று போய் ஆட்டோகேடைச் சேர்த்து 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' கொடுங்கள், ஆக்ஸிலரேஷனைத் திரும்பப் போட்டுவிட்டு வரைந்து பாருங்கள். ஏற்கெனவே என்விடியாவில்தான் ஓடுகிறது என்றால் 'பவர் சேவிங்' கொடுத்து இன்டெலுக்கு மாற்றிப் பாருங்கள்.

டிரைவர் போடும்போது பலர் என்விடியாவை மட்டும் புதுப்பித்துவிட்டு இன்டெலை மறந்துவிடுகிறார்கள். ஆனால் பெரும்பாலான லேப்டாப்பில் படம் கடைசியில் இன்டெல் வழியாகத்தான் திரைக்குப் போகிறது! இரண்டையும் லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்தே எடுங்கள்; என்விடியா இன்ஸ்டாலரில் கஸ்டம் போய் 'கிளீன் இன்ஸ்டலேஷன்' டிக் செய்யுங்கள்.

நிஜமாகவே ஹார்ட்வேர் கோளாறு என்றால் எப்படித் தெரியும்? பல சமயம் பயாஸ் திரையிலேயே, அதாவது விண்டோஸ் வருவதற்கு முந்தைய செட்டிங்ஸ் திரையிலேயே, கோடு விழும். ஹெச்டிஎம்ஐயில் வெளி மானிட்டர் போட்டால் அதில் படம் சுத்தமாக இருக்கிறதா, அப்போது பழுது பேனலிலோ கேபிளிலோதான். இரண்டிலும் விழுந்தால் போர்டைச் சந்தேகப்படலாம். டிரைவரைச் சுத்தமாகப் போட்ட பிறகும் என்விடியாவில் ஓடும் வேறு 3டி சாஃப்ட்வேரும் உறைந்து நிற்கிறது என்றாலும் கடைக்காரர் சொல்வதில் நியாயம் உண்டு.

எதற்கெடுத்தாலும் 'கார்டு போச்சு' என்பதற்கு ஒரு பழைய காரணமும் இருக்கிறது. 2008ல் சில லேப்டாப் சிப்புகள் பேக்கேஜிங் (சிப்பைப் பொதிந்திருக்கும் உறை) பலவீனத்தால் பழுதாவதாக என்விடியாவே ஒப்புக்கொண்டு 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. அந்தக் காலத்தில் சூடான காற்றடித்துச் சிப்பை உயிர்ப்பித்த கடைகள் ஏராளம். அந்தப் பழக்கத்தில் உங்களுக்கும் அதையே சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

கேள்வி: புது லேப்டாப்பில் பழைய பில்லிங் சாஃப்ட்வேர் எழுத்து மட்டும் மங்கலாகத் தெரிகிறது. இதுவும் கார்டுதானா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: இல்லவே இல்லை. ரெசல்யூஷன் அதிகமான திரையில் பழைய சாஃப்ட்வேரை விண்டோஸ் இழுத்துப் பெரிதாக்குகிறது, அதனால் வரும் மங்கல். ஷார்ட்கட்டில் ரைட் கிளிக், பிராப்பர்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, 'சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்'. அதில் ஓவர்ரைடு டிக் செய்து 'சிஸ்டம் என்ஹான்ஸ்டு' கொடுங்கள். சரியாகவில்லை என்றால் அதே இடத்தில் 'அப்ளிகேஷன்' கொடுங்கள், எழுத்து பொடியாகும், ஆனால் தெளிவாக இருக்கும்.