வைஸ்ராய் இல்லாத நாட்களில் இந்தியாவை ஆண்டவர்கள்

வைஸ்ராய் இறந்துபோனாலோ விடுப்பில் சென்றாலோ அந்த இடைவெளியில் இந்தியாவை ஆண்டவர் யார், அவர் வெறும் ஒப்புக்கு அமர்ந்தவர்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னைவாசியான எனக்கு நெடுநாளாகவே ஆர்வமுள்ள பொருள் இது. ஏனெனில் 1861-க்குப் பிறகு ஐந்து முறை இந்தப் பொறுப்பு சென்னை மாகாண ஆளுநரைத் தேடி வந்திருக்கிறது.

1861-ஆம் ஆண்டின் இந்திய ஆலோசனைக் குழுச் சட்டம் இதற்குத் தெளிவான விதி வகுத்தது. வைஸ்ராய் பதவி திடீரெனக் காலியானால், சென்னை, பம்பாய் ஆளுநர்கள் இருவரில் யார் முதலில் நியமனம் பெற்றவரோ அவர் அப்பொறுப்பை ஏற்க வேண்டும். அவர் வந்து சேரும்வரை வைஸ்ராய் குழுவின் மூத்த உறுப்பினர் கவனித்துக்கொள்ள வேண்டும். ஆகவே ஒரு வைஸ்ராய் இறந்தபோது ஒருவர் பின் ஒருவராக இருவர் அந்த இடத்தில் அமர நேர்ந்தது.

1863 நவம்பர் 20 அன்று எல்ஜின் பிரபு தர்மசாலாவில் இறந்தபோது முதலில் சர் ராபர்ட் நேப்பியரும், டிசம்பர் 2 முதல் சென்னை ஆளுநர் சர் வில்லியம் டெனிசனும் பொறுப்பேற்றனர். வடமேற்கு எல்லையில் அம்பேலா கணவாயில் பிரிட்டிஷ் படை சிக்கித் தவித்த நேரம் அது. படையைத் திரும்ப அழைத்துவிடலாம் என்று கல்கத்தாவில் இருந்த குழு முடிவு செய்திருந்தது. டெனிசன் அந்த முடிவை மாற்றிப் போரைத் தொடரச் செய்தார். அந்தப் போரின் நோக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஆறு வாரமே பதவியில் இருந்த ஒருவர், தாம் வருமுன் எடுக்கப்பட்ட முடிவைத் துணிந்து திருப்பினார் என்பதே உங்கள் கேள்விக்குப் போதிய விடை.

1872 பிப்ரவரி 8 அன்று அந்தமானில் மேயோ பிரபு ஷேர் அலி என்ற கைதியால் குத்திக் கொல்லப்பட்டார். சர் ஜான் ஸ்ட்ரேச்சி இரண்டு வாரம் பொறுப்பில் இருக்க, அவரை அடுத்துச் சென்னை ஆளுநர் நேப்பியர் பிரபு வந்து மே மாதத் தொடக்கம் வரை ஆண்டார். இவரும் 1863-இல் பொறுப்பு வகித்த நேப்பியரும் வெவ்வேறு மனிதர்கள், பலர் குழப்பிக்கொள்கிறார்கள். கூவம் முகத்துவாரத்தில் நாம் கடந்து செல்லும் நேப்பியர் பாலம் இவர் பெயரைத் தாங்கியது.

இவற்றில் மிக முக்கியமானதாக நான் கருதுவது 1904-ஐத்தான். வைஸ்ராய் கர்சன் இங்கிலாந்து சென்றிருக்க, 35 வயதே நிரம்பிய சென்னை ஆளுநர் ஆம்ப்தில் பிரபு ஏப்ரல் இறுதியிலிருந்து டிசம்பர் வரை வைஸ்ராய் பொறுப்பை வகித்தார். பிரிட்டிஷ் அதிகாரி யங்ஹஸ்பண்டின் படை திபெத்தின் தலைநகர் லாசாவுக்குள் நுழைந்ததும், செப்டம்பர் 7 அன்று திபெத்தியர் மீது உடன்படிக்கை திணிக்கப்பட்டதும் இவர் காலத்தில்தான். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் 75 லட்சம் ரூபாய் தண்டம், அது கட்டி முடியும்வரை திபெத்தின் தென் எல்லையில் உள்ள சும்பி பள்ளத்தாக்கு பிரிட்டிஷார் கையில் என்பது அதன் நிபந்தனை. அதாவது 75 ஆண்டு ஆக்கிரமிப்பு. லண்டன் அரசு இதை விரும்பவில்லை. நவம்பர் 11 அன்று சிம்லாவில் உடன்படிக்கைக்கு ஒப்புதல் அளித்த ஆம்ப்தில், தண்டத்தை 25 லட்சமாகக் குறைத்தும், மூன்று தவணை கட்டப்பட்டதும் பள்ளத்தாக்கிலிருந்து வெளியேறுவதாக உறுதியளித்தும் ஓர் அறிவிப்பை அதனுடன் சேர்த்தார். லண்டனின் விருப்பத்துக்கு இணங்கியே அவர் இதைச் செய்தார் என்றாலும், திபெத்துடனான ஒப்பந்தத்தில் வைஸ்ராயாக நின்று ஒப்பமிட்டவர் சென்னையிலிருந்து வந்த இந்த இளைஞரே.

1924-இல்தான் பதவியை இழக்காமல் வைஸ்ராய் விடுப்பில் செல்லத் தனிச் சட்டம் வந்தது. அதன்பின் 1925-இல் வங்காள ஆளுநர் லிட்டனும், 1929-இல் சென்னையின் கோஷனும், 1934-இல் சென்னையின் ஸ்டான்லியும் பொறுப்பில் இருந்தனர். விடுதலைக்குப் பின் வைஸ்ராய் என்ற பட்டம் மறைந்து தலைமை ஆளுநர் பதவி மட்டும் எஞ்சியிருந்த 1947 நவம்பரில், இளவரசி எலிசபெத்தின் திருமணத்துக்காக மவுண்ட்பேட்டன் லண்டன் சென்றபோது, மேற்கு வங்க ஆளுநராக இருந்த ராஜாஜி இரண்டு வாரம் அவர் இடத்தில் அமர்ந்தார். மறு ஆண்டு ஜூன் மாதம் அந்தப் பதவி அவருக்கே முழுமையாக வந்தது.