இடிக்கிற மழை, இடிக்காத மழை

அன்புள்ள சார்,

மன்னார்குடிப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். வங்கி வேலையில் மாற்றலாகித் திருச்சூருக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. வந்த முதல் ஜூனில் மூன்று நாள் விடாமல் கொட்டியது, பேருக்குக்கூட ஒரு இடி இல்லை. அக்டோபரில் பார்த்தால் காலையில் பளீரென்று வெயில், மூன்று மணிக்கெல்லாம் இருட்டிக்கொண்டு வந்து வீடே அதிர்கிறது. ஒருநாள் மொட்டைமாடித் துணியை எடுக்க ஓடினேன், பக்கத்து வீட்டுச் சேச்சி போட்ட சத்தத்தில் துணியை அப்படியே விட்டுவிட்டு இறங்கி வந்தேன். எங்கள் ஊரிலும் ஐப்பசியில் இடிக்கும், மார்கழி மழை சத்தமே போடாது. "இடிக்கிற மழை விட்டுடும், இடிக்காத மழைதான் விடாது" என்பார் அம்மா. ஏன் இப்படி? பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி, திருச்சூர்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் அம்மா சொன்னது முக்கால்வாசி சரி. மிச்சம் இருக்கும் கால்வாசிக்குக் கடைசியில் வருகிறேன்.

மழை பெய்ய மேகம் போதும், இடிக்க வேண்டுமென்றால் மேகத்துக்குள் ஐஸ் வேண்டும். நம் பக்கத்து வானத்தில் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரம் போனால்தான் பூஜ்யம் டிகிரி வரும். அதைத் தாண்டி இன்னும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மேகம் வளர்ந்தால் உள்ளே பனித்துணுக்குகளும், ஆலங்கட்டி ஆவதற்கு முந்தைய நிலையில் இருக்கும் குருணைகளும் சேரும். கீழேயிருந்து காற்று வேகமாக ஏறும்போது இவை ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. லேசான துணுக்கு ஒரு மின்னூட்டத்தோடு மேலே போகும், கனத்த குருணை எதிர் மின்னூட்டத்தோடு கீழே தங்கும், இந்தப் பிரிவு முற்றிப்போனால் மின்னல் வெட்டும். மின்னல் போன வழியிலிருக்கும் காற்று ஒரு நொடிக்குள் முப்பதாயிரம் டிகிரி அளவுக்குச் சூடாகி வெடித்து விரிகிற சத்தம்தான் இடி. ஆக, இடியைக் கேட்டு மேகம் எவ்வளவு உயரம் போயிருக்கிறது என்று சொல்லலாம், எவ்வளவு மழை பெய்யும் என்று சொல்ல முடியாது.

இப்போது உங்கள் திருச்சூர் ஜூனுக்கு வருவோம். இடவப்பாதி என்று அங்கே சொல்கிற தென்மேற்குப் பருவமழையில், அரபிக்கடலிலிருந்து நீராவி ஏறிய காற்று ஓயாமல் வந்து மலைச்சரிவில் மோதி ஏறுகிறது. வானம் நாள் முழுக்க மூடியே இருப்பதால் தரை சூடாக வழியில்லை, மேகத்தை உயரத் தூக்க ஆளில்லை. பெரும்பாலான மேகங்கள் ஐஸ் மண்டலத்தை எட்டிப் பார்ப்பதோடு சரி. சின்னத் துளிகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து பெரிய துளியாகி விழுகின்றன, அவ்வளவுதான் நடக்கிறது. கடல் பக்கமிருந்து சரக்கு வந்துகொண்டே இருப்பதால் மழை நிற்பதுமில்லை. (ஜூன் 1 வாக்கில் பருவமழை தொடங்குவதற்கு முன்னால், மே மாதச் சாயங்காலங்களில் அதே ஊரில் நன்றாகவே இடிக்கும். அடுத்த வருடம் கவனியுங்கள்.)

துலாவர்ஷம் வேறு ரகம். துலாம் நம்முடைய ஐப்பசிதான். மேற்குக் காற்று ஓய்ந்திருக்கும், ஆனால் மண்ணிலும் காற்றிலும் ஈரம் ஏராளம். காலை வெயில் தரையைச் சூடேற்றும், மதியம் கடற்காற்று உள்ளே புகுந்து மலையில் ஏறும், மேகம் மளமளவென்று குவிந்து நிற்கும், அப்புறம் உயரத்தில் அடிக்கிற கிழக்குக் காற்று அந்த மேகத்தைத் தள்ளிக்கொண்டு வந்து உங்கள் மொட்டைமாடியில் விடும். அதனால்தான் கேரளத்தில் பிற்பகல் 2 மணியிலிருந்து இரவு 10 மணி வரை கவனமாக இருக்கச் சொல்லி எச்சரிக்கை விடுகிறார்கள். உங்கள் சேச்சி கத்தியதில் தப்பே இல்லை.

மன்னார்குடிக் கதையும் இதற்கு உறவுதான். ஐப்பசியில் பருவம் மாறுகிற நேரம், தரையில் சூடு மிச்சமிருக்கும், வங்காள விரிகுடாவின் ஈரக்காற்று வந்து சேரும், மேகம் உயரமாக வளரும், இடிக்கும். மார்கழிக்குள் சூரியன் தெற்கே சாய்ந்து, வடக்கிலிருந்து வறண்ட குளிர்காற்றும் கலந்துவிடுவதால் மேகத்துக்கு அந்தத் தெம்பு இருப்பதில்லை. தாழ்வு மண்டலம் எதுவும் வந்தால் அகலமான மேகம் மூடிக்கொண்டு விடிய விடியப் பெய்யும், நாம் போர்வைக்குள்ளிருந்து வெறும் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்போம்.

நான் இருப்பது அரக்கோணம் பக்கம். எங்களுக்கு இடி மாதம் என்றால் ஜூலை, ஆகஸ்ட். தமிழ்நாட்டுக்குத் தென்மேற்குப் பருவமழையில் ஒன்றும் கிடைக்காது என்று பள்ளியில் படித்தோம் அல்லவா, வட தமிழ்நாட்டுக்காரன் அதை ஒப்புக்கொள்ள மாட்டான். பகலெல்லாம் வெந்து கிடக்கும். ராத்திரி எட்டு மணிக்கு மேற்கே, சித்தூர் மலைகளின் பக்கம், சத்தமே இல்லாமல் மினுக் மினுக்கென்று வெளிச்சம் தெரியும். பதினைந்து இருபது கிலோமீட்டருக்கு அப்பால் இடிக்கிற சத்தம் காதுக்கு வராது, மின்னல் மட்டும் தெரியும். திடீரென்று குளிர்ந்த காற்று புழுதியோடு வந்து கதவை அடிக்கும், கரண்ட் போகும், பாட்டி இருந்த காலத்தில் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்லிக்கொண்டே கொடியில் கிடக்கும் துணியை உருவுவாள். அந்தக் குளிர்காற்று மழையோடு சேர்ந்து மேகத்தின் வயிற்றிலிருந்து கொட்டுகிற காற்று. கீழே வந்து பரவி, மேகத்துக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த வெப்பக் காற்றை அதுவே அடைத்துவிடும். தனியாக வரும் ஒரு இடிமேகத்துக்கு ஒரு மணி நேர ஆயுசு இருந்தால் அதிகம். உங்கள் அம்மா சொன்ன "விட்டுடும்" இதுதான்.

அந்தக் கால்வாசி என்ன என்றால், பரவுகிற அதே குளிர்காற்று பக்கத்திலிருக்கும் வெப்பக் காற்றை நெம்பித் தூக்கிப் புது மேகத்தையும் கிளப்பலாம். ஐப்பசியில் கடலோரத்தில் ஒன்று முடிவதற்குள் அடுத்தது கடலிலிருந்து வந்து சேரும். ராத்திரி முழுக்க இடித்துக்கொண்டே விடியும்வரை பெய்கிற மழையை டெல்டாவில் நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த ராத்திரிகளில் அம்மாவின் கணக்கு எடுபடாது.

குளிர்காலத்தில் எங்குமே இடிக்காது என்றும் நினைத்துவிடாதீர்கள். ஜப்பானின் மேற்குக் கரையில், கனசாவா பக்கம், பனி கொட்டுகிற மாதங்களில்தான் இடி. சைபீரியாவிலிருந்து வரும் கடுங்குளிர் காற்று சற்றே வெதுவெதுப்பான கடலைத் தாண்டும்போது மேகம் கட்டுகிறது, குளிர் தரையருகிலேயே இருப்பதால் ஐஸுக்காக அது அதிக உயரம் ஏற வேண்டியதே இல்லை. அந்த இடி கேட்டால் புரி மீன் வருகிற நேரம் என்று அங்கே மீனவர்களுக்குக் கணக்கு. நமக்கு இடித்தால் காளான், அவர்களுக்கு மீன்.

சரி, துணி விஷயம். நாம் "இடி விழுந்தது" என்று சொன்னாலும் ஆளைக் கொல்வது மின்னல்தான். 2022இல் மட்டும் இந்தியாவில் மின்னல் தாக்கி 2,887 பேர் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு சொல்கிறது. மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள், மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் சத்தம் வந்துவிட்டால் உள்ளேயே இருங்கள், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து வெளியே வரலாம். மேலே நீலமாக இருக்கிறதே என்றும் நம்ப வேண்டாம், பத்து கிலோமீட்டர் தள்ளி நிற்கும் மேகத்திலிருந்தும் இங்கே விழும்.

அக்டோபரில் உங்களுக்கு மழை பெரும்பாலும் கிழக்கே மலைப் பக்கமிருந்து வரும், கடல் பக்கமிருந்து அல்ல. கிழக்கு ஜன்னல் இருந்தால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருமுறை எட்டிப் பாருங்கள். காலிஃபிளவர் மாதிரி மேகம் எழும்பி நின்றால், ஈரம் காயாவிட்டாலும் பரவாயில்லை, துணியை அப்போதே எடுத்துவிடுங்கள். சேச்சிக்கு என் வணக்கத்தையும் சொல்லுங்கள்.