ஒரே பயணத்தில் வெயிலும் பனியும்: பெட்டியில் எதை வைப்பது?

கேள்வி: ஜூலையில் மூன்று வாரப் பயணம் கிளம்புகிறோம். முதலில் சிங்கப்பூர், அடுத்து நியூசிலாந்தின் குயின்ஸ்டவுன், திரும்பும்போது துபாய். நான், கணவர், பத்து வயது மகன், இன்சுலின் போட்டுக்கொள்ளும் மாமியார் என்று நான்கு பேர். ஆளுக்கு 23 கிலோ பெட்டியும் 7 கிலோ கைப்பையும்தான் அனுமதி. ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியாகத் துணி எடுத்து வைத்துப் பார்த்தேன், பெட்டியை மூடவே முடியவில்லை. எப்படிக் குறைப்பது?

பதில்: ஊருக்கு ஊர் தனித்துணி என்று தொடங்கியதுதான் சிக்கல். மூன்றில் குளிர் ஊர் ஒன்றே ஒன்று. அதற்கான துணியை முதலில் கட்டிலில் பரப்புங்கள். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, இது மற்ற இரண்டு ஊர்களில் ஒன்றிலாவது உடம்பில் ஏறுமா என்று கேளுங்கள். ஏறாது என்றால் அதை வீட்டிலேயே விட்டுவிட ஒரு வழி இருக்கும், பெரும்பாலும்.

ஜூலையில் குயின்ஸ்டவுனில் நடுக் குளிர்காலம். பகலில் சுமார் 8 டிகிரி செல்சியஸ், இரவில் பூஜ்யத்துக்கும் கீழே. சிங்கப்பூரில் 31, 32 டிகிரியும் புழுக்கமும். துபாயில் பகலில் 40-ஐத் தாண்டும். இவ்வளவு வித்தியாசத்தையும் ஒரே பெட்டி தாங்க வேண்டுமென்றால், கனத்த கோட்டு ஒன்றை நம்பக்கூடாது. நம்மைக் கதகதப்பாக வைத்திருப்பது துணியின் கனம் அல்ல, துணிகளுக்குள்ளும் அவற்றுக்கு நடுவிலும் அடைபட்டு நிற்கும் காற்று. அதனால் மெல்லிய துணி மூன்று, கனத்த துணி ஒன்றைவிட நன்றாக வேலை செய்யும். வெயில் ஏறினால் ஒவ்வொன்றாகக் கழற்றவும் முடியும்.

உடம்போடு ஒட்டும் முதல் துணி மெரினோ கம்பளியாகவோ பாலியஸ்டராகவோ இருக்கட்டும். இந்த இடத்தில் மட்டும் பருத்தி வேண்டாம். பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே இருக்கும். நீர் வெப்பத்தைக் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாகக் கடத்தும். நடந்து வியர்த்து, பிறகு ஓரிடத்தில் நின்றதும் நடுக்கம் வருவது இதனால்தான். அதன்மேல் ஒரு ஃபிளீஸ் (பஞ்சுபோன்ற மெத்தென்ற செயற்கை இழைச் சட்டை) அல்லது பறவையின் மென்சிறகு அடைத்த மெல்லிய டவுன் ஜாக்கெட், வெளியே காற்றும் மழையும் புகாத ஒரு லேசான ஜாக்கெட். குல்லா, கையுறை, கம்பளி சாக்ஸ் இவற்றுக்கு எடையே கிடையாது, விட்டுவிடாதீர்கள். மெல்லிய மெரினோ சட்டையைத் துபாயில் தனியாகவே போட்டுக்கொள்ளலாம். ஃபிளீஸ் விமானத்திலும், சிங்கப்பூர், துபாய் மால்களின் ஏ.சி.யிலும் உதவும். மாமியாருக்கு அது பயணம் முழுக்கத் தேவைப்படும் என்றே நினைக்கிறேன். சிங்கப்பூர் மழைக்கு மட்டும் அந்த மழை புகாத ஜாக்கெட்டைப் போடாதீர்கள், உள்ளே வெந்துபோகும். குடை போதும்.

பனிச்சறுக்குப் பக்கம் ஓரிரு நாள் போகிற எண்ணம் இருந்தால், அதற்கான தடித்த ஜாக்கெட், பேன்ட், பூட்ஸ் எல்லாம் குயின்ஸ்டவுனிலேயே வாடகைக்குக் கிடைக்கும். வளரும் பையனுக்கு அவற்றை வாங்குவது வீண். ஜீன்ஸ் கனம், காயவும் நாளாகும். ஆளுக்கு ஒன்று, அதுவும் விமானத்தில் உடம்பில். மற்றபடி சாதாரண மெல்லிய பேன்ட்டுகள் போதும், குளிரில் உள்ளே தெர்மல் (உடம்போடு ஒட்டும் கதகதப்பான உள்ளாடை) போட்டால் சரியாகிவிடும்.

மூன்று வாரத்துக்கு மூன்று வாரத் துணி வேண்டியதில்லை. ஏழு நாளுக்கு எடுங்கள், துவைத்துப் போடுங்கள். சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் துணி காய நேரமெடுக்கும் என்பதால் பெரிய துவையலைக் குயின்ஸ்டவுனின் ஹீட்டர் அறைக்குத் தள்ளிவைக்கலாம். காற்றை உறிஞ்சிச் சுருக்கும் வேக்யூம் பைகளை நான் பரிந்துரைப்பதில்லை. அவை இடத்தைக் குறைக்குமே தவிர எடையைக் குறைக்காது. பெட்டியில் இடம் இருக்கிறதே என்று இன்னும் திணிப்போம், கவுன்டரில் தராசு காட்டிக்கொடுத்துவிடும்.

செருப்பு ஒன்று, பிடிமானமுள்ள நடை ஷூ ஒன்று. ஷூவை அணிந்தே பயணம் செய்யுங்கள். கிளம்பும் முன் அதன் அடிப்பாகத்தை பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவிவிடுங்கள். இது அழகுக்காக இல்லை. வெளிநாட்டு மண்ணோடு விதையும் நோய்க்கிருமியும் வந்துவிடும் என்பதில் நியூசிலாந்து மிகக் கண்டிப்பான நாடு. மண் ஒட்டிய ஷூ, பழம், தேன், விதைகள், மரப்பொருள் எதுவாக இருந்தாலும் வருகைப் படிவத்தில் சொல்லிவிட வேண்டும். சொன்னால் அதிகபட்சம் பொருள் போகும். சொல்லாமல் பிடிபட்டால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். பையனின் பையில் மறந்துபோன ஓர் ஆப்பிளுக்கும் அதே கதிதான்.

அடுத்தது மாமியாரின் மருந்து. துணி தவறினால் வாங்கிக்கொள்ளலாம், இது அப்படி இல்லை. இன்சுலின் எப்போதும் கைப்பையில்தான். செக்-இன் பெட்டியில் அது உறைந்துபோகும் அபாயம் உண்டு. ஒருமுறை உறைந்த இன்சுலினை, உருகிய பிறகும் பயன்படுத்தக்கூடாது. குயின்ஸ்டவுனில் வெளியே போகும்போது அதை உள் ஜாக்கெட் பைக்குள் வையுங்கள், துபாயில் நிறுத்திய காருக்குள் விடாதீர்கள். தேவைக்கு மேல் கொஞ்சம் கூடுதலாக எடுத்து, பாதியை உங்கள் கைப்பையிலும் பாதியை அவர் பையிலும் பிரித்து வைத்தால் ஒரு பை தொலைந்தாலும் சமாளிக்கலாம். மருத்துவரின் கடிதத்தில் மருந்தின் பொதுப்பெயர் (பிராண்டு பெயர் மட்டும் போதாது) இருக்கட்டும், பாதுகாப்புச் சோதனையில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். 100 மில்லி திரவ வரம்பிலிருந்து மருந்துக்கு விலக்கு உண்டு. வேறு மாத்திரைகளையும் அசல் அட்டையோடு எடுங்கள். கோடீன், டிரமடால் கலந்த வலி, இருமல் மருந்துகளும் சில தூக்க மாத்திரைகளும் சிங்கப்பூரிலும் துபாய் இருக்கும் அமீரகத்திலும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. உங்கள் பட்டியலில் அப்படி ஏதாவது இருந்தால் இப்போதே அந்த நாடுகளின் அரசு இணையதளத்தில் பார்த்து முன் அனுமதி வாங்குங்கள்.

சன்ஸ்கிரீனும் கறுப்புக் கண்ணாடியும் துபாய்க்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். புதுப் பனி புற ஊதாக் கதிர்களில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். உதட்டுக்கு ஒரு பாம், கைக்கு ஒரு க்ரீம், அவ்வளவுதான்.

மின்சாரம் மூன்று இடத்திலும் 230 வோல்ட். சிங்கப்பூர், துபாய் இரண்டுக்கும் செவ்வக மூன்று முள் பிளக், நியூசிலாந்துக்குச் சாய்ந்த தட்டை முள். ஆகவே இரண்டு வகை அடாப்டர். பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே போகலாம். 100 வாட்-அவர் வரை பொதுவாகச் சிக்கல் இல்லை, பவர் பேங்கில் 20,000 எம்.ஏ.எச். என்று இருந்தால் அது ஏறக்குறைய 74 வாட்-அவர். இருந்தாலும் உங்கள் விமான நிறுவனத்தின் விதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

குளிர்த்துணி எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டால் சிங்கப்பூரில் அதைத் திறக்கவே வேண்டாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். அந்தப் பெட்டி வந்து சேராவிட்டால் நான்கு பேரும் நடுங்க வேண்டியதுதான். ஒவ்வொருவர் துணியிலும் ஒரு பங்கை இன்னொருவர் பெட்டியில் வையுங்கள். குயின்ஸ்டவுன் விமானம் ஏறும்போது ஆளுக்கு ஒரு தெர்மலும் ஃபிளீஸும் கைப்பையிலேயே இருக்கட்டும். அப்படியும் பெட்டி வராவிட்டால், விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன் புகார் கொடுத்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். இடையில் வாங்கும் அவசியப் பொருள்களின் ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். சர்வதேச விமானப் பயணத்துக்கான 1999-ஆம் ஆண்டு மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி, தாமதமாக வந்த பெட்டிக்கு அது கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள்ளும், சேதமான பெட்டிக்கு 7 நாளுக்குள்ளும் எழுத்தில் கோர வேண்டும்.