படம் மங்கல்: கேமராவின் கோளாறா, எடுத்த விதமா?

கேள்வி: கையடக்க டிஜிட்டல் கேமரா ஒன்று புதிதாக வாங்கியிருக்கிறேன். பின்பக்கத் திரையில் படங்கள் அருமையாகத் தெரிகின்றன. கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கினால், வீட்டுக்குள் எடுத்தவை மெழுகிவிட்டதுபோல் இருக்கின்றன. வெளியே எடுத்தவற்றில் ஓரம் மங்கலாக இருக்கிறது. கேமராவை மாற்றிக்கொள்ள இன்னும் சில நாள் அவகாசம் உண்டு. தனிக் கருவிகள் இல்லாமல் வீட்டிலேயே படத் தரத்தைச் சோதிக்க முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். ஆனால் எதைத் தேடுகிறோம் என்பதில் முதலில் தெளிவு வேண்டும். படம் சரியாக வரவில்லை என்றால் காரணம் மூன்று இடங்களில் இருக்கலாம்: எடுத்த விதம், அந்த மாடலின் இயல்பு, உங்கள் கைக்கு வந்திருக்கும் அந்த ஒரு கேமராவின் கோளாறு. எடுத்த விதத்தை நீங்களே திருத்திக்கொள்ளலாம். மாடலின் இயல்பு, அதே மாடலில் வேறொன்றை வாங்கினாலும் மாறாது. கோளாறு என்றால் மட்டும்தான் மாற்றித் தரச் சொல்லிக் கேட்பதில் பலன் இருக்கும். நீங்கள் சொல்வதில், வீட்டுக்குள் வரும் மெழுகல் அநேகமாக மாடலின் இயல்பு. ஓர மங்கல் கோளாறாக இருக்க வாய்ப்புண்டு. அவகாசம் முடிவதற்குள் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பின்பக்கத் திரையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அவ்வளவு சிறிய திரையில் எந்தப் படமும் கூர்மையாகத்தான் தெரியும். அதேபோல, கம்ப்யூட்டரில் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் பதறவும் வேண்டாம். 20 மெகாபிக்சல் படம் என்பது 5184-க்கு 3888 புள்ளிகள். அதைச் சாதாரண 24 அங்குல மானிட்டரில் 100 சதவீதத்தில் பார்ப்பது, நாலே முக்கால் அடி அகலத்துக்கு அச்சடித்து முகத்துக்கு நேரே வைத்துப் பார்ப்பதற்குச் சமம். 6-க்கு 4 அங்குல பிரிண்டுக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) கணக்கில் 1800-க்கு 1200 புள்ளிகள், அதாவது சுமார் 2 மெகாபிக்சல் போதும். ஏ4 அளவுக்கே 9 மெகாபிக்சலைத் தாண்டாது. ஆகவே குறையைக் கண்டுபிடிக்க 100 சதவீதத்தில் பாருங்கள். அந்தக் குறை உங்களுக்குப் பொருட்டா என்று முடிவு செய்ய, நீங்கள் வழக்கமாகப் படம் பார்க்கும் அளவில் பாருங்கள். படங்களை மெமரி கார்டிலிருந்து நேராக எடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை வைத்து எந்த கேமராவையும் எடைபோட முடியாது.

லென்ஸைத் துடைத்துவிட்டு ஆரம்பியுங்கள். சொல்லவே வேண்டாத விஷயம்போல் தோன்றும். ஆனால் சிறிய கேமராக்களை வெளியே எடுத்து உள்ளே வைக்கும்போது விரல் லென்ஸில் படுவது சகஜம். சாய்ந்த வெளிச்சத்தில் கண்ணாடியைப் பார்த்தால் ரேகைப் பிசுக்கு பளிச்சென்று தெரியும். விளக்குகளைச் சுற்றிப் புகைபோல ஒளி பரவுவதற்கும், படம் முழுக்கச் சாயம் போனதுபோல் வெளிறித் தெரிவதற்கும் பலமுறை அதுதான் காரணம்.

அப்புறம் செட்டிங். ட்ரைபாட் இல்லையென்றால் ஜன்னல் திண்டோ மேசையோ போதும். செல்ஃப் டைமரை 2 விநாடிக்கு வையுங்கள். பட்டனை அழுத்தும்போது வரும் ஆட்டம் அடங்கிவிடும். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறனைக் காட்டும் எண்) மிகக் குறைந்தது, ஜேபெக் தரம் மிக உயர்ந்தது, டிஜிட்டல் ஜூம் அணைத்தது. கேமரா அசையாமல் நிற்கும்போது, கை ஆட்டத்தைச் சரிக்கட்டும் ஸ்டெபிலைசேஷனையும் அணைத்துவிடலாம். ஒவ்வொரு காட்சியையும் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் புதிதாக ஃபோகஸ் செய்து எடுங்கள். ஆட்டோஃபோகஸ் எப்போதாவது தவறும். ஒரே படத்தை வைத்து லென்ஸின் மேல் பழி போடக்கூடாது.

மங்கல் எல்லாமே ஒரே ரகம் இல்லை. கை ஆடியிருந்தால் சின்ன விளக்குகளும் பளபளக்கும் புள்ளிகளும் ஒரே திசையில் கோடாக இழுபட்டிருக்கும். ஃபோகஸ் தவறியிருந்தால், நீங்கள் நினைத்த பொருள் மங்கலாகவும், அதற்கு முன்னாலோ பின்னாலோ உள்ள ஏதோ ஒன்று துல்லியமாகவும் இருக்கும். லென்ஸின் குறை என்றால் எந்தக் காட்சியை எடுத்தாலும் படச் சட்டத்தின் அதே இடத்தில் மங்கல் வந்து நிற்கும்.

இப்போது ஓர மங்கலுக்கு வருவோம். குறைந்தது 50 மீட்டர் தள்ளி, நிறைய ஜன்னல்களோ செங்கல் வரிசைகளோ உள்ள பெரிய கட்டடம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நல்ல பகல் வெளிச்சம் வேண்டும். ஜூமை முழுக்கப் பின்னுக்கு இழுத்து, சட்டத்தின் நான்கு மூலைகளிலும் கட்டடம் வரும்படி எடுங்கள். கம்ப்யூட்டரில் நான்கு மூலைகளையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். நான்கும் நடுப்பகுதியைவிடக் கொஞ்சம் மங்கலாக, ஆனால் ஒரே அளவில் மங்கலாக இருந்தால், அது அந்த லென்ஸ் வடிவமைப்பின் இயல்பு. சிறிய ஜூம் லென்ஸ்களில் எதிர்பார்க்க வேண்டியதுதான். ஒரு மூலையோ ஒரு பக்கமோ மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாக மோசம் என்றால் சந்தேகப்படுங்கள். உள்ளே இருக்கும் கண்ணாடிகளில் ஒன்று நடுவிலிருந்து விலகியோ சாய்ந்தோ பொருத்தப்பட்டிருந்தால் இப்படி வரும்.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள கேமராவைத் தலைகீழாகப் பிடித்து, அதே கட்டடத்தை அதே இடத்திலிருந்து எடுங்கள். மங்கல் கட்டடத்தின் அதே பகுதியிலேயே இருந்தால், அந்தப் பகுதி தூரத்தில் வேறுபட்டிருக்கலாம், முன்னால் வெப்பக் காற்று அலைந்திருக்கலாம். கேமராவின் தவறு இல்லை. மங்கல் கட்டடத்தின் எதிர் மூலைக்கு இடம் மாறிவிட்டால், லென்ஸ்தான் அதைச் சுமந்துகொண்டு போயிருக்கிறது. ஜூமின் நடுவிலும் கடைசியிலும் இதே சோதனையைச் செய்யுங்கள். சில லென்ஸ்களில் கோளாறு ஏதாவது ஒரு ஜூம் நிலையில் மட்டும்தான் தலைகாட்டும்.

இதற்குச் செய்தித்தாளைச் சுவரில் ஒட்டிப் படம் எடுக்கச் சொல்பவர்கள் உண்டு. நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. கிட்டத்தில் இருக்கும் தாளுக்குக் கேமரா கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் ஒரு பக்கம் மங்கிவிடும். நல்ல லென்ஸைக் கெட்டது என்று முடிவு கட்டிவிடுவோம்.

அப்பர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி புகும் துளையின் அளவை, மாற்ற முடிகிற கேமரா என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். பெரிய கேமராக்காரர்கள் துளையைச் சற்றுச் சிறிதாக்கி எஃப் 8 வைத்தால்தான் கூர்மை என்பார்கள். சிறிய கேமராவுக்கு அது பொருந்தாது. 1/2.3 அங்குல சென்சார் (ஒளியைப் பதிவுசெய்யும் சில்லு) உண்மையில் சுமார் 6.2-க்கு 4.6 மில்லிமீட்டர்தான். அதில் 20 மெகாபிக்சல் என்றால் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 1.2 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). எஃப் 8 துளையில் ஒளி வளைவதால் ஒரு புள்ளி ஏறக்குறைய 10 மைக்ரான் வட்டமாகப் பரவுகிறது. எவ்வளவு நல்ல லென்ஸாக இருந்தாலும் படம் மழுங்கத்தான் செய்யும். லென்ஸ் அதிகபட்சம் எவ்வளவு திறக்குமோ அதிலோ, அதற்கு ஒரு படி கீழேயோ வைத்துச் சோதியுங்கள்.

அடுத்தது வீட்டுக்குள் வரும் மெழுகல். ஒரு மேசையில் துவாலை, பொம்மையின் தலைமுடி, சில புத்தக முதுகுகள் ஆகியவற்றை வைத்து, கேமராவை அசையாமல் நிறுத்தி, ஐஎஸ்ஓவை 100, 200, 400 என்று 3200 வரை ஏற்றிக்கொண்டே எடுங்கள். பிறகு துவாலையின் நூலிழைகளைப் பாருங்கள். எழுத்துகளைப் பார்த்து ஏமாறாதீர்கள். வெள்ளையில் கறுப்பாக இருக்கும் எழுத்து ஐஎஸ்ஓ 1600-லும் தெளிவாக நிற்கலாம். ஆனால் ஐஎஸ்ஓ ஏறும்போது படத்தில் மணல்போலத் தோன்றும் புள்ளிகளை அழிப்பதற்காக கேமரா செய்யும் வேலையில் துவாலையின் இழை, முடி, முகத் தோல்போல மெல்லிய வேறுபாடு உள்ளவைதான் முதலில் கரையும். எந்த எண்ணில் இழைகள் மறைந்து வெறும் நிறத் திட்டாகின்றனவோ, அதற்கு முந்தைய எண்ணே உங்கள் கேமராவின் எல்லை. ஆட்டோ ஐஎஸ்ஓவுக்கு உச்ச வரம்பு வைக்கும் வசதி மெனுவில் இருந்தால் அதையே வையுங்கள்.

இதைக் கோளாறு என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்தால், பதிலுக்கு வருவதும் இதையேதான் செய்யும். உங்களுடையது 1/2.3 அங்குல சென்சார் என்றால் அதன் பரப்பு சுமார் 28 சதுர மில்லிமீட்டர். ஒரு அங்குல வகை என்று சொல்லப்படும் சென்சாருக்குச் சுமார் 116. அதே அப்பர்ச்சர், அதே ஷட்டர் வேகத்தில் அது நான்கு மடங்கு ஒளியை வாங்குகிறது. சின்ன சென்சாரில் ஐஎஸ்ஓ 400-ல் வரும் புள்ளிகள் அதில் ஏறக்குறைய 1600-ல்தான் வரும். வீட்டுக்குள் எடுக்கும் படங்கள்தான் உங்களுக்கு முக்கியம் என்றால், பெரிய சென்சார் உள்ள வேறு மாடலுக்கு மாறுவதே நேர்மையான தீர்வு. இதையே வைத்துக்கொள்வதாக இருந்தால், வீட்டுக்குள் ஜூம் செய்யாமல் நீங்கள் நெருங்கிப் போங்கள். பெரும்பாலான சிறிய கேமராக்களில் ஜூம் நீள நீள உள்ளே வரும் ஒளி குறைகிறது. ஈடுகட்ட கேமரா ஐஎஸ்ஓவை ஏற்றிவிடும்.

கடைசியாக இரண்டு சின்னச் சோதனைகள். வெள்ளைச் சுவரை, ஃபோகஸ் இல்லாமல், முழு ஜூமில் எடுங்கள். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் சாம்பல் நிறத் திட்டு இருந்தால் உள்ளே தூசி. நீண்டு சுருங்கும் லென்ஸ் காற்றோடு தூசியையும் உள்ளே இழுக்கும். வீட்டில் சுத்தம் செய்ய வழியில்லை, புதிய கேமராவில் இருக்கவும் கூடாது. லென்ஸை மூடிவிட்டு, ஷட்டர் ஒரு விநாடி திறந்திருக்கும்படி எடுத்துப் பார்த்தால் ஒன்றிரண்டு நிறப் புள்ளிகள் தெரியலாம், பரவாயில்லை. சாதாரணப் பகல் படத்திலும் அதே இடத்தில் புள்ளி மின்னினால் சொல்ல வேண்டிய குறைதான். வெளிச்சமான வானத்துக்கு எதிரே கிளை ஓரங்களில் ஊதாக் கோடு வருவதற்காகத் திருப்பிக் கொடுக்காதீர்கள்; அது மாடலோடு பிறந்தது.

மாற்றித் தரச் சொல்லிக் கேட்கப்போனால், நேராக எடுத்தது, தலைகீழாக எடுத்தது இரண்டையும் வெட்டாமல் திருத்தாமல் அசல் கோப்பாகவே கொண்டுபோங்கள். ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ, அப்பர்ச்சர், ஜூம் எல்லாம் அந்தக் கோப்புக்குள்ளேயே பதிவாகியிருக்கும். “கை ஆடியிருக்கும்” என்று யாராவது சொன்னால், ஷட்டர் வேகத்தைக் காட்டி நீங்கள் பதில் சொல்லலாம்.