அந்த மனுவை யார் எழுதியிருக்க வேண்டும்?

கேள்வி: குடவாசல் பக்கம் கிராமம். எம்.ஏ. தமிழ், பி.எட். முடித்துவிட்டு வீட்டுத் திண்ணையில் மாலை வகுப்பு எடுக்கிறேன். இரண்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை 14 பிள்ளைகள். எழுத வைப்பதுதான் பெரும்பாடு. சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்தே கூடி வரவில்லை. நடு வகுப்புப் பிள்ளைகள் பலகையைப் பார்த்து எழுதுவார்கள், சொந்தமாக ஒரு வரி கேட்டால் பேனாவைக் கடிக்கிறார்கள். பத்தாம் வகுப்பு கட்டுரையை மனப்பாடம் செய்கிறது. 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பது போல நானும் பிரித்துத் தனித்தனிப் பாடம் தயாரிக்கலாமா? நல்ல கட்டுரைப் புத்தகம் இருந்தால் சொல்லுங்கள். நேரமும் போதவில்லை. போன திங்கட்கிழமை மாமாவோடு திருவாரூர் கலெக்டர் ஆபீஸ் போனதில் வகுப்பே நடக்கவில்லை. வடிகால் தூர்ந்து ஆறு மா நிலத்துச் சம்பா நெல் அழுகிப்போனதற்கு மனு. வாசலில் எழுதித் தருபவருக்கு 100 ரூபாய் கொடுத்து எழுதி வாங்கினோம். வடிகால் பெயருக்குப் பதிலாகப் பக்கத்து ஊர்ப் பாசன வாய்க்கால் பெயர் இருந்ததை, திரும்பும்போது பஸ்ஸில் நகலைப் படித்துத்தான் பார்த்தேன். எட்டாவது படிக்கும் என் மகள் தானும் வருகிறேன் என்றாள். படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று பள்ளிக்கு அனுப்பிவிட்டேன்.
- திருவாரூர் மாவட்ட வாசகி

பதில்: கட்டுரைப் புத்தகம் எதையும் நான் சொல்லப் போவதில்லை. அந்த 100 ரூபாயைப் பற்றிப் பேசுவோம்.

தமிழில் எம்.ஏ. படித்த மருமகள் பக்கத்தில் நிற்கிறீர்கள். வீட்டில் எட்டாவது படிக்கும் பேத்தி. திண்ணையில் 14 பிள்ளைகள். இத்தனை பேர் இருக்க, தன் வயலில் நடந்ததைச் சொல்ல அந்தப் பெரியவர் அவர் வயலைப் பார்த்தே இராத ஒருவருக்குக் கூலி கொடுத்திருக்கிறார். நீங்கள் அதைப் படித்துக்கூடப் பார்க்காமல் கொடுக்கவிட்டிருக்கிறீர்கள். உங்கள் மாணவன் எழுதியதைத் திருப்பிப் படிக்காமல் நோட்டை நீட்டினால் விடுவீர்களா?

பெயர்தானே மாறியது என்று விட முடியாது அம்மா. பாசன வாய்க்கால் தண்ணீரைக் கொண்டு வருவது, வடிகால் தண்ணீரை வெளியேற்றுவது. டெல்டாவில் பிறந்தவருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த மனுவை எடுத்துக்கொண்டு யாராவது வந்தால் பக்கத்து ஊர் வாய்க்காலைப் பார்ப்பார்கள், அதில் தண்ணீர் நன்றாக ஓடுகிறது என்று எழுதி மனுவை முடித்துவிடுவார்கள். எழுதிக் கொடுத்தவரை நான் குறை சொல்ல மாட்டேன். வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் எழுதுகிறவர் அவர். குறை உங்களுடையது. மாமனாருக்கு வேளைக்குச் சோறு போடுவதும் துணைக்குப் போவதும் கடமை என்று தெரிந்த உங்களுக்கு, அவர் சொல்வதை அவர் சொன்னபடி காகிதத்தில் ஏற்றுவதும் கடமை என்று தோன்றவில்லை. படித்தவர் ஒருவர் வீட்டில் இருந்தால் அந்த வீட்டின் எழுத்து அவர் பொறுப்பு. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

பிள்ளைகளுக்கு ஏன் எழுத வரவில்லை என்பதும் இதே இடத்தில்தான் இருக்கிறது. எழுத்து என்பது பரீட்சைக்கு ஒன்று, வாழ்க்கைக்குக் காசு கொடுத்து வாங்குவது ஒன்று என்று நீங்களே பிரித்து வைத்திருக்கிறீர்கள். அவர்கள் அதைப் பார்த்துத்தானே வளர்கிறார்கள்?

எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தது எங்கள் எதிர்வீட்டு ஆச்சி. அவருக்குக் கையெழுத்துக்கூடப் போடத் தெரியாது. மகன் சிங்கப்பூரில். மாதம் ஒரு கடிதம் என்னிடம் சொல்லி எழுதச் சொல்வார், அப்போது நான் ஏழாவது. எழுதி முடித்ததும் "படி" என்பார். படிப்பேன். "நான் இதச் சொல்லலியே" என்பார். ஒருமுறை, 'அம்மா உன்னை நினைத்து அழுதாள்' என்று நானாகச் சேர்த்துவிட்டேன். "அத அடி. அவனுக்கு அங்க வேல ஓடாது. மழ பேஞ்சுது, மாடு கன்னு போட்டுச்சுன்னு எழுது" என்றார். யாருக்கு எழுதுகிறோம், அவன் எங்கே உட்கார்ந்து படிப்பான், படித்தபின் என்ன ஆவான் என்று பார்த்து எழுத வேண்டும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். எந்த வகுப்பிலும் யாரும் எனக்கு அதைச் சொல்லவில்லை.

காவிரிக் கரைக்கு இந்த முறை புதிதல்ல. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாடல்களைச் சொல்லச் சொல்ல மாணவர்கள் ஏட்டில் எழுதினார்கள். அந்த மாணவர்களில் ஒருவர்தான் 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரான உ.வே.சாமிநாதையர். காது, வாய், கை மூன்றும் சேர்ந்து நடந்த பாடம் அது.

சரி, உங்கள் 14 பேருக்கு வருவோம். அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பது நல்லதுதான். வகுப்பைப் பார்க்காமல், பிள்ளையால் என்ன முடிகிறது என்று பார்த்துப் பிரிக்கிறார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஐந்தாவது படிக்கும் பிள்ளைக்கு எழுத்துக் கூடவில்லை என்றால் அவனை வெட்கப்படுத்தாமல் சின்னவர்களோடு உட்கார வையுங்கள். ஆனால் மூன்று குழுவுக்கும் மூன்று விஷயம் வேண்டாம். விஷயம் ஒன்றே, வேலைதான் வேறு. அந்த விஷயம் உங்கள் வீட்டு வடிகால்.

ஒரு நாள் சாயங்காலம் எல்லோரையும் அங்கே அழைத்துப் போங்கள். மாமா முன்னால் நடக்கட்டும்.

சின்னப் பிள்ளையிடம் என்ன பார்த்தாய் என்று கேளுங்கள். "தண்ணி போவல டீச்சர்" என்பான். அதை அப்படியே பலகையில் எழுதி, விரல் வைத்துப் படிக்கவிட்டு, பிறகு சிலேட்டில் எழுதச் சொல்லுங்கள். 'தண்ணீர் போகவில்லை' என்று அன்றைக்கே திருத்தாதீர்கள். தான் சொன்னது எழுத்தாக நிற்பதை அவன் முதலில் பார்க்க வேண்டும். எழுத்துக் கூடாதவனை அ, ஆ என்று வரிசையாக 247 எழுத்துக்கும் இழுக்க வேண்டாம். அ, இ எல்லாம் சிறு கைக்குக் கடினமான வளைவுகள். ட, ப, ம என்று எளிய எழுத்தில் கை பழகட்டும். ம-வுக்கு ஒரு புள்ளி வைத்தால் படம், மடம் என்று சொல்லே வந்துவிடும். அப்புறம் வ, ய, ல. வயல் வந்துவிட்டது.

நடு வகுப்புப் பிள்ளைகளிடம்தான் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டும். பேனாவைக் கடிப்பது சோம்பலால் இல்லை. அவர்கள் பேசும் தமிழ் ஒன்று, எழுதச் சொல்லும் தமிழ் வேறு. முதல் வரியிலேயே தப்பு வந்துவிடுமோ என்ற பயம். தாத்தாவைத் திண்ணையில் உட்கார வைத்து அவர்கள் கேள்வி கேட்கட்டும். எப்போது நட்டீர்கள், எத்தனை நாள் தண்ணீர் நின்றது, பயிர் எந்தப் பருவத்தில் இருந்தது? அவர் சொன்ன வரியைப் பேச்சாகவே ஒரு வரி, அதன் கீழே எழுத்துத் தமிழில் ஒரு வரி. 'அளுவிப்போச்சு' மேலே இருக்க, கீழே 'அழுகிவிட்டது' என்று எழுதும்போது ழகரம் ஏன் வேண்டும் என்பது தெரியும். நோட்டு முழுக்கச் சிவப்பு மையால் அடிக்காதீர்கள். ஒரு வாரத்துக்கு ஒரே பிழை. இந்த வாரம் ர, ற என்றால் அது மட்டும். ஒற்று மிகும் இடமெல்லாம் காத்திருக்கட்டும்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மனுவை எழுதட்டும். அனுப்புநர், பெறுநர், பொருள் என்ற அமைப்பு அவர்களுக்கு மனப்பாடமாகத் தெரியும், அதற்குள் வைக்கத்தான் ஒன்றும் இல்லை. தாத்தா ஆறு மா என்பார், பட்டாவில் ஹெக்டேரில் இருக்கும். ஒரு மா ஏறக்குறைய 33 சென்ட். ஆறு மா என்றால் 2 ஏக்கர், 0.81 ஹெக்டேர். வீட்டுச் சொல்லை ஆபீஸ் சொல்லாக மாற்றுவது பெரிய எழுத்துப் பயிற்சி. மூன்று முறை எழுதட்டும். ஒவ்வொரு முறையும் தாத்தாவுக்குப் படித்துக் காட்டட்டும். வேண்டாத அலங்காரத்தை வெட்டட்டும், சர்வே நம்பரையும் தண்ணீர் நின்ற நாட்களையும் வெட்டக் கூடாது. 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' என்ற கேள்விக்கு, என்ன படம் வந்தாலும் ஒரே கவிதையை எழுதிவிட்டு வரும் பிள்ளைகள் இவர்கள். ஒரு காட்சியை உண்மையிலேயே கண்டு எழுதினால் பரீட்சையிலும் கை நிற்காது.

உங்கள் மகளைப் பற்றி. அவளே வருகிறேன் என்று கேட்டிருக்கிறாள், நீங்கள் தடுத்திருக்கிறீர்கள். அவள் சாப்பிடும் சோறு அந்த ஆறு மாவில் விளைந்தது. அது போனது அவளுக்குத் தெரியக் கூடாதா? வீட்டுக் கஷ்டத்தைப் பிள்ளைகளுக்கு மறைத்து வளர்ப்பதை நான் பாசம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். தாத்தாவோடு ஒரு திங்கட்கிழமை வரிசையில் நிற்பதற்காகப் பள்ளிக்கு ஒரு நாள் லீவு போட்டால் ஒன்றும் குறையாது.

பெயர் தப்பாகப் போன மனு இன்னும் அங்கேதான் இருக்கிறது. வரும் திங்கட்கிழமைக்குள் திருத்திய மனு தயாராகட்டும். பழைய மனுவுக்குத் தந்த ஒப்புகைச் சீட்டின் எண்ணையும் தேதியையும் முதல் பத்தியிலேயே குறிப்பிடச் சொல்லுங்கள். நீங்களும் மாமாவும் மகளும் மூன்று பேருமாகப் போங்கள். கொடுப்பதற்கு முன் அவள் தாத்தாவுக்கு உரக்கப் படித்துக் காட்டட்டும். வடிகாலின் பெயர் வரும் இடத்தில் மெதுவாக.