இங்கிலாந்துக் கிராமப் பெயர்கள்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: லண்டனில் ஈஸ்ட் ஹாமில் குடியிருக்கிறேன். பர்மிங்ஹாமில் வரும் அதே ‘ஹாம்’தானே இது?

பதில்: இல்லைங்க. பர்மிங்ஹாமில் இருப்பது குடியிருப்பு என்று பொருள்படும் ‘ஹாம்’, அதாவது பியோர்மா என்பவரின் ஆட்கள் வாழ்ந்த இடம். உங்கள் ஊரில் ஒட்டியிருப்பது ‘ஹம்ம்’, தண்ணீரோ சதுப்போ சூழ்ந்த நிலம். தேம்ஸ், லீ, ரோடிங் ஆறுகளை மேப்பில் பார்த்தாலே விளங்கிவிடும். இன்றைய எழுத்துக்கூட்டை நம்பினால் இப்படித்தான் கவிழ்க்கும். 1086-இன் டூம்ஸ்டே நிலப் பதிவேடு போன்ற பழைய ஆவணங்களில் பெயர் எப்படி இருந்தது என்று பார்க்காமல் யாராவது பொருள் சொன்னால் நான் நம்புவதில்லை.

கேள்வி: யார்க்‌ஷயர், லிங்கன்ஷயர் பக்கம் எங்கே பார்த்தாலும் ‘பி’ என்று முடிகிறது, தெற்கே காணோமே?

பதில்: கடல்வழி வந்த ஸ்காண்டிநேவியரான வைக்கிங்குகளின் வேலை. 865-இல் வந்திறங்கிய டேனியப் படை கொள்ளையடித்துவிட்டுத் திரும்பிப் போகவில்லை, வடக்கிலும் கிழக்கிலும் நிலத்தைப் பங்கு போட்டு உழ ஆரம்பித்துவிட்டது, அப்புறம் ஆங்கிலேயரின் ஆல்ஃபிரட் மன்னரும் டேனியரின் தலைவர் குத்ரமும் எல்லை பேசி முடித்தார்கள். ‘பி’ என்றால் பண்ணை அல்லது ஊர். கிரிம்ஸ்பி, கிரிம் என்பவரின் ஊர். ‘தார்ப்’ தாய்க்கிராமத்திலிருந்து பிரிந்த குக்கிராமம், ‘த்வெயிட்’ காடு திருத்திய நிலம். ஏற்கெனவே இருந்த பெயரையும் மாற்றாமல் விடவில்லை: நார்த்வொர்தி என்ற ஊர்தான் டெர்பி ஆனது.

கேள்வி: அதற்கும் முந்தைய, ஆங்கிலேயர் வருமுன் அங்கிருந்தவர்கள் வைத்த கெல்டிக் பெயர்கள் அழிந்துவிட்டனவா?

பதில்: ஆறுகளிலும் மலைகளிலும் நிறையத் தங்கியிருக்கின்றன. லெஸ்டர்ஷயரில் ப்ரீடன் ஆன் த ஹில் என்று ஒரு கிராமம். ‘ப்ரீ’ கெல்டிக்கில் குன்று. வந்த ஆங்கிலேயருக்கு அது புரியாமல் தங்கள் ‘டூன்’ சேர்த்தார்கள், அதுவும் குன்றுதான். பின்னால் வந்தவர்களுக்கு அதுவும் மறந்துபோய் ‘ஹில்’ வந்தது. நாம் ‘நடு சென்டர்’ என்கிறோமே, அதைவிட ஒரு படி மேல்!

கேள்வி: ஆஷ்பி டி லா ஜூஷ், பிரெஞ்சு மாதிரி இருக்கே?

பதில்: மாதிரி என்ன, பிரெஞ்சேதான். ஆஷ்பி என்ற பெயரில் ஊர்கள் பல, அதனால் பிரெஞ்சு பேசிய நிலப்பிரபுவின் குடும்பப் பெயரை வாலாக ஒட்டினார்கள். ஸ்டோக் மாண்டவிலும் அப்படியே.

கேள்வி: எசெக்ஸில் ‘அக்லி’ என்று ஒரு கிராமமாமே? பாவம்!

பதில்: அசிங்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உக்கா என்பவரின் காட்டுவெளி, அவ்வளவுதான்.

கேள்வி: உச்சரிப்புக்கு ஏதாவது விதி?

பதில்: நார்ஃபோக்கில் ‘வைமண்ட்ஹாம்’ என்று எழுதிவிட்டு ‘விண்டம்’ என்கிறார்கள். ஊர்க்காரரைக் கேட்பதுதான் ஒரே வழி.